வெல்டிங் இல்லாம தகரப் பெட்டி: நாக்கும் ஸ்லொட்டும் வச்சுப் பூட்டுற மாதிரி வரையிறது எப்பிடி

தோட்டக் கிணத்தடியில சோலர் பம் கொன்ட்ரோலர் ஒண்டைப் பூட்டி வைக்க பெட்டி வேணுமெண்டா வழக்கமா என்ன செய்யிறம், வெல்டிங் கடைக்குப் போய் நீளம் அகலம் சொல்லி ஒட்டித் தரச் சொல்லுறம். அது பிழையெண்டு சொல்ல வரேல்ல. ஆனா 1 மிமீ ஜிஐ ஷீற்றில, அதாவது நாகம் பூசின இரும்புத் தகட்டில, ஆர்க் வெல்டிங் பிடிச்சா கொஞ்சம் கை தவறினாலும் ஓட்டை விழும், ஒட்டின இடத்தில நாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், பிறகு மாரி வர முதல் கறள் பிடிக்கிறதும் அந்த இடத்திலதான். நாகம் எரியேக்க வாற வெள்ளைப் புகையை மூச்சில இழுத்தா அண்டிரவே குளிரும் காய்ச்சலும் வரும், வெல்டிங் செய்யிற ஆக்களிட்டக் கேட்டா சொல்லுவினம்.

ஒட்டாம பெட்டி செய்யிறது புது விசயமில்ல. பழைய றங்குப் பெட்டியையோ தகர வாளியையோ வடிவாப் பாருங்கோ, கூடுதலா மடிச்சு அடிச்சுப் பூட்டினதுதான். பழைய தகர விளையாட்டுச் சாமானுகளில ஒரு பக்கத்துச் சின்ன நாக்கு மற்றப் பக்கத்து நீட்டு ஓட்டைக்குள்ளால, அதுதான் ஸ்லொட், வந்து மடிஞ்சு நிக்கும். இப்ப கொம்பியூட்டர் கேசிங்கையோ யூபிஎஸ்ஸையோ கழட்டினாலும் உள்ளுக்கு அதே வேலைதான், லேசர் வெட்டும் பஞ்ச் மெஷினும் வந்தபடியா அளவு இன்னும் துல்லியமாகியிருக்கு, அவ்வளவுதான்.

எங்கட முல்லைத்தீவுப் பக்கத்துக்கு இதால இன்னொரு வாசியும் இருக்கு. ஷீற் வெட்டுறது ஒரு ஊரில, பெட்டியைப் பூட்டுறது மல்லாவியிலயோ ஒட்டுசுட்டானிலயோ புதுக்குடியிருப்பிலயோ இருக்கும். முழுப் பெட்டியா ஏத்தினா லொறியில காத்தைத்தான் ஏத்திக்கொண்டு வாறம், தட்டையா அடுக்கிக் கட்டினா பத்துப் பெட்டிக்கான தகடும் ஒரு பார்சலா பஸ்ஸிலயே வந்திடும். ஆனா அதிலயே ஒரு சோலியும் இருக்கு. வந்து இறங்கின தகடு பொருந்தாட்டி திருப்பிக் கொண்டுபோய் ஒரு மிமீ வெட்டிக்கொண்டு வாற கதை இல்ல, அதால வரையேக்கயே மினக்கெட வேணும்.

முதல்ல ஒரு விசயத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, மிச்சமெல்லாம் அதில இருந்துதான் வரும். பெட்டியில மூண்டு வேலை நடக்குது. ஒவ்வொரு துண்டும் எங்க நிக்க வேணுமெண்டு காட்டுறது ஒண்டு, பெட்டி வளையாம விறைப்பா நிக்கிறது ரெண்டாவது, பூட்டினது கழண்டு வராம பிடிக்கிறது மூண்டாவது. நாக்கு ஸ்லொட்டிட்டக் கேக்க வேண்டியது முதலாவது வேலையை மட்டும்தான். விறைப்பை மடிப்பிட்டக் குடுங்கோ, பிடிக்கிறதை கடைசியாப் போடுற ஒண்டு ரெண்டு ஸ்குரூவிட்டயோ ரிவெட்டிட்டயோ குடுங்கோ. மூண்டையும் நாக்கே செய்யட்டும் எண்டு நினைச்சுத்தான் சில பேர் ஒரு ஓரத்துக்கு பத்து நாக்கு வச்சு, எல்லாத்தையும் இறுக்கமா வரைஞ்சு, பிறகு சுத்தியலால அடிச்சு ஏத்துவினம். அடிச்சு ஏத்துற பெட்டி லேசாப் பூட்டுற பெட்டி இல்ல.

எந்தத் தகடு

கேஜ் நம்பர் கூடக் கூட தகடு மெல்லிசாகும், இதைப் புதுசா வாற ஆக்கள் நெடுக மாறி விளங்குவினம். 20 கேஜ் எண்டா கிட்டத்தட்ட 0.9 மிமீ, 18 எண்டா 1.2, 16 எண்டா 1.6. ஆனா கேஜ் கணக்கிலயே ஒண்டுக்கு மேல முறை இருக்கு, நாகப் பூச்சின்ர தடிப்பும் சேரும், அதால கடையில சொல்லுற நம்பரை நம்பி வரையாம வேர்னியரால அளந்து மிமீயிலதான் வரைய வேணும். ஸ்லொட்டின்ர அகலம் முழுக்க அந்தத் தடிப்பை வச்சுத்தான் வருது, 0.9 எண்டு வரைஞ்சு 1.2 தகடு வந்தா ஒரு நாக்கும் உள்ள போகாது.

ரெண்டு மூண்டு கிலோ சாமான் வைக்கிற பெட்டிக்கு 1 மிமீ ஜிஐ காணும். 8க்கு 4 அடி ஷீற் ஒண்டு 1 மிமீயில 23 கிலோவுக்கு கொஞ்சம் மேல வரும். பற்றறி மாதிரி பாரம் வைக்கிறதெண்டா அடித்தட்டை மட்டும் 1.5க்குக் கொண்டுபோங்கோ, முழுப் பெட்டியையும் தடிப்பாக்கத் தேவையில்ல. அலுமினியத்தில செய்யிறதெண்டா 5052 மாதிரி மடியிற ரகம் கேளுங்கோ, 6061 டி6 நல்ல பலம்தான், ஆனா இறுக்கி மடிச்சா வெடிக்கும்.

மடிப்புக் கணக்கு

தகட்டை மடிக்கேக்க வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். அதால வெளி அளவுகளைக் கூட்டி அப்பிடியே வெட்டினா பெட்டி பெருத்துப் போகும். ஒவ்வொரு 90 பாகை மடிப்புக்கும் எவ்வளவு கழிக்க வேணும் எண்டு பாக்கிறது இப்பிடி: மடிப்புக்குள்ள போற நீளம், உள்வளைவின்ர ஆரையையும் தடிப்பின்ர 0.4 பங்கையும் முதல்ல கூட்டி, பிறகு 1.57ஆல பெருக்கினது. 1 மிமீ தகட்டில உள்வளைவும் 1 மிமீ எண்டா அது 2.2 மிமீ. வெளி அளவில அந்த மூலைக்கு நீங்கள் எண்ணினது ரெண்டு பக்கமும் வளைவு 1, தடிப்பு 1 சேர்ந்து 2, 2 எண்டு 4 மிமீ. வித்தியாசம் 1.8. அதைத்தான் ஒவ்வொரு மடிப்புக்கும் கழிக்க வேணும்.

எங்கட உதாரணப் பெட்டியைப் பாப்பம், 200 அகலம், 120 ஆழம், 300 உயரம். முதுகும் ரெண்டு பக்கமும் ஒரே தகடு, முன்னுக்கு ரெண்டு பக்கமும் 15 மிமீ உள்ளுக்கு மடிஞ்ச விளிம்பு. வெளி அளவைக் கூட்டினா 15, 120, 200, 120, 15, மொத்தம் 470. நாலு மடிப்பு, 7.2 கழிச்சா 462.8. இதைக் கழிக்காம விட்டா 7 மிமீ எங்கயோ ஒரு இடத்தில கூடி நிக்கும், அப்ப அடித்தட்டின்ர நாக்கும் விளிம்பின்ர ஸ்லொட்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கும், சேராது.

அந்த 0.4 எண்டது எல்லா இடத்துக்கும் சரிவராது. தகட்டைப் பொறுத்து, மெஷினைப் பொறுத்து, கீழ வைக்கிற வி டை, அதாவது வி வடிவ அச்சின்ர அகலத்தைப் பொறுத்து மாறும், கூடுதலா 0.33க்கும் 0.5க்கும் இடையில நிக்கும். கணக்கை விட்டுட்டு அளந்தே எடுக்கலாம், அதுதான் எனக்குப் பிடிச்ச வழி. அதே தகட்டில சரியா 100 மிமீ நீளத் துண்டொண்டு வெட்டி, அதே மெஷினில நடுவில 90க்கு மடிச்சு, ரெண்டு காலையும் வெளிப்பக்கமா அளந்து கூட்டுங்கோ. 101.8 வந்தா உங்கட கழிவு 1.8, அவ்வளவுதான். மடிக்கிற ஆளிட்ட கேட்டா அநேகமா அவருக்கு அந்த நம்பர் மனப்பாடமா இருக்கும்.

பாகை பிழைக்கிறதையும் மறக்காதேங்கோ. 120 மிமீ ஆழமான பக்கத்தகடு ஒரு பாகை விரிஞ்சு நிண்டா நுனியில 2 மிமீ தள்ளி நிக்கும். மெல்லிய தகடெண்டபடியா கையால அமத்தலாம்தான், ஆனா அதை அமத்தி நேராக்கிப் பிடிக்கிற வேலையை ஏதோ ஒரு துண்டு செய்ய வேணும். இந்தப் பெட்டியில அதை அடித்தட்டு செய்யும்.

நாக்கு வகை

நேர் நாக்கு, அதாவது ஸ்லொட்டுக்குள்ள போய் சும்மா நிக்கிறது, இடம் காட்ட மட்டும். இதுதான் கூட வேணும், இதுதான் லேசும்.

முறுக்கு நாக்கு எண்டா ஸ்லொட்டுக்குள்ளால வெளிய வந்த பிறகு குறட்டால பிடிச்சு 30, 45 பாகை முறுக்கி விடுறது. 1 மிமீ தகட்டுக்கு 5 மிமீ அகலமும், மற்றப் பக்கம் 6, 7 மிமீ வெளிய தெரியிற நீளமும் இருந்தா பிளையரால வடிவா முறுக்கலாம். அகலத்தைக் கூட்டினா முறுக்க ஏலாது, பல்லைக் கடிச்சுக்கொண்டு முறுக்க ஸ்லொட்தான் கோணும். முறுக்கேக்க தகடு ரெண்டும் இழுபட்டு ஒட்டி நிக்கிறபடியா ஸ்லொட் கொஞ்சம் பெருசாப் போனாலும் இது மன்னிக்கும். ஆனா திருப்பித் திருப்பி முறுக்கி எடுக்கிற இடத்தில வைக்காதேங்கோ, ரெண்டு மூண்டு தரத்தில இரும்பு களைச்சு முறிஞ்சிடும். கழட்டத் தேவையில்லாத இடத்துக்கு மட்டும்தான் இது.

மடக்கு நாக்கும் கிட்டத்தட்ட இதுதான், முறுக்காம படுக்க வைக்கிறது, வெளிப்பக்கம் வழுவழுப்பா இருக்கும், ஆனா மடக்கின பிறகு கொஞ்சம் எழும்பி வாறபடியா சின்ன ஆட்டம் இருக்கும். நாக்கின்ர அடியில சின்ன வெட்டுவாய் ஒண்டு போட்டா மடியிறது லேசு.

கொக்கி நாக்கு எண்டது எல் வடிவம். உள்ள விட்டு 6, 8 மிமீ ஒரு பக்கமாத் தள்ளினா மாட்டி நிக்கும், திருப்பித் தள்ளினா கழரும். நெடுகக் கழட்டிப் பூட்டுற துண்டுக்கு இதுதான் சரி. ஆனா அது தானாத் திரும்பித் தள்ளுப்படாம இருக்க எதிர்ப்பக்கம் ஒரு ஸ்குரூ கட்டாயம். கிளிக் எண்டு பூட்டுற ஸ்பிரிங் நாக்குகளை விடுங்கோ, அதுக்கு தகட்டின்ர ரகமும் அளவும் அச்சொட்டா வேணும், ஒண்டு ரெண்டு பெட்டிக்கு அந்த அலுப்பு தேவையில்ல.

எந்த வகையெண்டாலும் நுனியில 1, 2 மிமீ சரிச்சு விடுங்கோ, இல்லாட்டி உள்ள விடுற ஆள் தேடித் தேடியே விசர் பிடிச்சுப் போவார். நாக்கு தகட்டோட சேருற மூலையில லேசர் கூராக வெட்டாது, சின்ன வளைவு விடும், அந்த வளைவு ஸ்லொட்டின்ர விளிம்பில முட்டி தகடு படியாம நிக்கும். அந்த மூலை ரெண்டிலயும் அரை மிமீயில இருந்து 1 மிமீ வரைக்கும் உள்ளுக்கு ஒரு சின்ன கீறு வெட்டி விட்டா பிரச்சினை முடிஞ்சுது. பாக்கிறதுக்கு ஒண்டுமில்லாத விசயம்தான், ஆனா ஒரு பெட்டி இடைவெளி இல்லாமப் படியிறதும் படியாததும் இதிலதான் இருக்கு.

ஒரு ஓரத்துக்கு ரெண்டு நாக்கு, 300 மிமீ ஓரமெண்டா மூண்டு, அதுக்கு மேல வேண்டாம்.

எவ்வளவு இடம் விடுறது

லேசரால வெட்டுறதெண்டா ஸ்லொட்டின்ர அகலம் தகட்டுத் தடிப்போட 0.2 மிமீ கூட, நீளம் நாக்கின்ர அகலத்தோட 0.3 கூட. 1 மிமீ தகடெண்டா 1.2 ஸ்லொட். லேசர் வெட்டேக்க தானே ஒரு 0.1, 0.2 மிமீயைத் தின்னும், அதைக் கழிச்சுத்தான் வெட்டுறனீங்களோ எண்டு கடையில கேளுங்கோ. கூடுதலான இடத்தில மெஷினே பாத்துக்கொள்ளும். நீங்களும் கழிச்சு அவையும் கழிச்சா ஸ்லொட் இறுகிப் போகும்.

எல்லா ஸ்லொட்டையும் ஒரே அளவில இறுக்கமா வரையிறதுதான் பெரிய பிழை. ஒரு ஓரத்தில ஒரு நாக்கு மட்டும் இடத்தைத் தீர்மானிக்கட்டும், அதுக்கு மேல சொன்ன 0.3. மற்ற ஸ்லொட்டுகளை நீளவாக்கில ஒரு 1 மிமீ தாராளமா விடுங்கோ. அகலவாக்கில எல்லாம் ஒரே மாதிரி இருக்கலாம். ரெண்டு மடிப்புக்கு அங்கால நிக்கிற ஸ்லொட்டெண்டா இன்னும் கொஞ்சம் கூட, ஏனெண்டா ஒவ்வொரு மடிப்பிலயும் கால் மிமீ அரை மிமீ பிழை சேர்ந்து சேர்ந்துதான் அங்க போய் நிக்கும்.

இனி பெயின்ட். ஆக்கள் இதைத்தான் மறக்கிறது. பவுடர் கோட்டிங் ஒரு முகத்துக்கு 60இல இருந்து 100 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மிமீ) வரைக்கும் ஏறும். 80 எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, நாக்குக்கு ரெண்டு முகம், ஸ்லொட்டுக்கு ரெண்டு சுவர், மொத்தம் 0.32 மிமீ. நீங்கள் விட்டது 0.2. வெறும் தகட்டில வழுக்கிக்கொண்டு போன பெட்டி பெயின்ட் அடிச்சு வந்த பிறகு ஏறாது, அடிச்சு ஏத்தினா பெயின்ட் உரிஞ்சு அந்த இடத்தில கறள். பவுடர் கோட்டிங் செய்யிறதெண்டு முதலே தெரிஞ்சா ஸ்லொட்டை 1.5, 1.6 எண்டு வரையுங்கோ. இல்லாட்டி ஜிஐயை அப்பிடியே விட்டு, பூட்டின பிறகு வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கோ.

மடிப்புக்குக் கிட்ட ஸ்லொட் வைக்காதேங்கோ

மடியேக்க அந்த வளைவும் அதுக்குப் பக்கத்திலயும் தகடு இழுபடும். அங்க ஒரு ஓட்டை இருந்தா அது முட்டை வடிவமாப் போகும், ஸ்லொட்டெண்டா வாயைப் பிளக்கும். வளைவு முடியிற இடத்தில இருந்து தடிப்பின்ர ரெண்டு, ரெண்டரை மடங்கு தள்ளித்தான் எந்த வெட்டும் தொடங்க வேணும். 1 மிமீ தகட்டில பெட்டியின்ர வெளி முகத்தில இருந்து ஒரு நாலரை மிமீ எண்டு எடுத்தா பயமில்ல.

இதால வாற சிக்கல் என்னெண்டா, பக்கத்தகட்டின்ர அடியில நாக்கு வச்சு, அடித்தட்டில அதுக்கு நேர ஸ்லொட் வச்சு, அடித்தட்டின்ர ஓரத்தையும் மடிக்க வேணுமெண்டு நினைச்சா அந்த ஸ்லொட் சரியா மடிப்புக்கு மேலதான் வந்து விழும். அடித்தட்டைப் பெருசாக்கி ஸ்லொட்டை உள்ளுக்குத் தள்ளலாம், ஆனா அப்ப பெட்டியைச் சுத்தி ஒரு சின்னத் திண்ணை மாதிரி வரும், மழைத் தண்ணி அதில தேங்கி நாக்கு வழியா உள்ள ஊறும். அதைவிட சுவர்த்தகட்டின்ர அடியை உள்ளுக்கு 15 மிமீ மடிச்சு, அடித்தட்டை மேலயிருந்து அந்த விளிம்பில உக்கார வைக்கிறது நல்லம்.

மடிப்பு ஒண்டு ஓரத்தில முடியாம நடுவில நிக்கிற இடத்தில வெட்டுவாய் ஒண்டு விட வேணும், இல்லாட்டி தகடு கிழியும். அகலம் குறைஞ்சது தகட்டுத் தடிப்பளவு, ஆழம் வளைவைத் தாண்டி. மடிக்கிற விளிம்பு மிகச் சின்னதா இருந்தாலும் மெஷின் பிடிக்காது, 8 மிமீ வி டையில 1 மிமீ தகட்டுக்கு 6 மிமீக்குக் குறைய வரையாதேங்கோ.

பெட்டி

நாலு துண்டு. சுவர்த்தகடு, அடித்தட்டு, கூரை, கதவு.

தண்ணிக்கு ஒரே விதிதான், கிடுகு வேயிற மாதிரி மேல இருக்கிறது கீழ இருக்கிறதுக்கு வெளியால மூட வேணும். மேல பாத்த முகத்தில ஒரு ஓட்டையும் ஒரு ஸ்லொட்டும் வரக்கூடாது, ஸ்லொட் எல்லாம் கீழ பாத்தோ பின்னுக்குப் பாத்தோ நிக்கட்டும். வாடைக்காத்தோட மழை சரிஞ்சுதான் அடிக்கும், நேர மேலயிருந்து விழும் எண்டு நினைச்சு வரைஞ்சா ஐப்பசி கார்த்திகையில விளங்கும்.

சுவர்த்தகட்டின்ர அடி விளிம்பு மூண்டிலயும் வெளி முகத்தில இருந்து 8 மிமீ உள்ளுக்கு 1.2 ஸ்லொட், பக்கத்துக்கு ரெண்டு, முதுகுக்கு ரெண்டு. விளிம்புகள் மூலையில முட்டுப்படாம 45இல சரிச்சு வெட்ட வேணும். மடிக்கிற ஒழுங்கையும் வரையேக்கயே யோசியுங்கோ: முதல்ல அடி விளிம்பு, மூண்டும் ஒரே கோட்டில வாறபடியா ஒரே அமத்து, பிறகு முன் விளிம்பு ரெண்டும், கடைசியா பெரிய மூலை ரெண்டும். கடைசி மூலை மடிக்கேக்க அடி விளிம்பு மடிக்கிற மெஷினின்ர மேல் அச்சில, அதாவது பஞ்ச்சில, இடிக்கப் பாக்கும், மடிக்கிற அண்ணையிட்ட கட்டைப் பஞ்ச் துண்டு இருக்கோ எண்டு கேட்டுட்டு வரைஞ்சா பிறகு ஏச்சு வாங்கத் தேவையில்ல.

அடித்தட்டு உள்ளளவை விட 1 மிமீ சின்னன், 197க்கு 117. அதில ஆறு நாக்கு, ஓரத்தை அந்த இடத்தில கொஞ்சம் உள்ளுக்கு வெட்டி எடுத்து கீழ மடிச்சது. முன் ஓரம் 20 மிமீ மேல மடிஞ்சு நிக்கும், அது கதவுக்கு வாசல்படி. மேலயிருந்து இறக்கினா ஆறு நாக்கும் விளிம்பு ஸ்லொட்டுக்குள்ளால கீழ தெரியும், விரிஞ்சு நிண்ட பக்கத்தகடு ரெண்டையும் இழுத்து நேராக்கிப் போடும். முன்னுக்கு நிக்கிற ரெண்டையும் மட்டும் முறுக்கினாக் காணும். ஆறு நாக்கும் ஒரே நேரத்தில ஸ்லொட்டைத் தேடினா கை காணாது, அதால ஒரு மூலையில இருக்கிறதை மட்டும் 3 மிமீ நீட்டி விடுங்கோ, அது முதல்ல இறங்கும், மிச்சம் தானாப் பின்னால வரும்.

கூரை முன்னுக்குச் சரிஞ்சு, முன்பக்கம் 40 மிமீ வெளிய நீட்டி, மற்ற மூண்டு பக்கமும் 20 மிமீ கீழ மடிஞ்சு சுவருக்கு வெளியால நிக்கும். சுவர் முதுகில 300, முன்னுக்கு 285 எண்டு சரிச்சு வெட்டினா அந்தச் சரிவு வந்திடும். முதுகுத் தகட்டின்ர மேல் ஓரத்தில ரெண்டு நாக்கு பின்னுக்கு மடிஞ்சு நீட்டிக்கொண்டிருக்கும், கூரையின்ர பின் விளிம்பில அதுக்கு ஸ்லொட். கூரையை கொஞ்சம் பின்னால பிடிச்சு இறக்கி முன்னுக்கு இழுத்தா மாட்டும், பிறகு ரெண்டு பக்க விளிம்பிலயும் ஒவ்வொரு ஸ்குரூ. இதுக்கு கூரையின்ர ஆழம் ஒரு 8 மிமீ தாராளமா இருக்க வேணும், இல்லாட்டி பின்னால பிடிச்சு இறக்க இடமிருக்காது. பெட்டியை சுவரோட ஒட்டி அடிக்காம ரெண்டு ஃபிளாட் அயனில தூக்கினா பின்னுக்கு நீட்டுற நாக்கும் இடிக்காது, முதுகுப் பக்கம் காத்தும் போகும், வெயிலில கொன்ட்ரோலர் கொதிக்காது.

கதவுக்கும் கொக்கி நாக்கு வச்சு பிணைச்சல் இல்லாமச் செய்யலாம், மாசத்துக்கு ஒருக்காத் திறக்கிறதெண்டா அது காணும். ஒவ்வொரு நாளும் திறக்கிறதெண்டா செய்யாதேங்கோ, கழட்டின கதவு வரம்பில கிடந்து ஆரோ மிதிச்சு வளைஞ்சிடும். ரெண்டு சின்னப் பிணைச்சல் வாங்கி 3.2 மிமீ ரிவெட்டில அடியுங்கோ, ஓட்டை 3.3. கொண்டியும் ஆமைப்பூட்டும் உங்கட விருப்பம், எங்கட தோட்டங்களில அது விருப்பமில்ல, தேவை.

மாறிப் பூட்ட ஏலாம

பூட்டுற ஆள் உங்கட படத்தைப் பாக்கமாட்டார் எண்டு நினைச்சு வரையுங்கோ. அடித்தட்டின்ர இடப்பக்க நாக்கு முன்னுக்கிருந்து 25 மிமீயில எண்டா வலப்பக்கம் 35இல வையுங்கோ, அப்ப மேல் கீழ் மாத்திப் போட்டா போகவே போகாது. எல்லாம் ஒரே சீரா ரெண்டு பக்கமும் இருந்தா வடிவாத்தான் இருக்கும், ஆனா ஆக்கள் மாறிப் போட்டு, கேபிள் ஓட்டை மற்றப் பக்கம் வந்த பிறகுதான் காணுவினம். லேசரிட்ட குடுக்கேக்க ஒவ்வொரு துண்டின்ர உள்முகத்திலயும் 1, 2, 3 எண்டு லேசாக் கீறச் சொல்லுங்கோ, ஒழுங்கும் விளங்கும், எது உள்பக்கம் எண்டதும் விளங்கும்.

வரைஞ்சு முடிஞ்சதும் அளவு குறைக்காம 1க்கு 1 பிரிண்ட் எடுத்து பிஸ்கட் பெட்டி மட்டையில ஒட்டி வெட்டி மடிச்சுப் பாருங்கோ. மட்டையில இறுக்கம் தளர்வு விளங்காது, ஆனா எந்தத் துண்டு எந்தத் துண்டை மறிக்குது, கை உள்ள போகுதோ, குறடு நாக்கைப் பிடிக்குதோ எண்டதெல்லாம் அப்பிடியே தெரியும். இறுக்கத்துக்கு வேற வழி: அதே தகட்டில ஒரு துண்டில 1.1, 1.2, 1.3, 1.4, 1.5 எண்டு ஸ்லொட் வரிசையா வெட்டி, ஒரு நாக்கை ஒவ்வொண்டுக்குள்ளயும் விட்டுப் பாருங்கோ. பெயின்ட் அடிக்கிறதெண்டா அந்தத் துண்டையும் அடிச்சுப் பாருங்கோ. பிறகு வீட்டில இதை முன்னம் காணாத ஒரு பெடியனிட்டயோ பெட்டையிட்டயோ மட்டைப் பெட்டியைக் குடுத்து, வாய் திறக்காம பக்கத்தில இருங்கோ. எங்க நிண்டு யோசிக்கினமோ அங்கதான் திரும்ப வரைய வேணும்.

வரையிறதுக்கு காசு குடுத்து சொஃப்ட்வெயர் வேண்டத் தேவையில்ல. ஃப்ரீகாட் இலவசம், அதில ஷீற் மெட்டல் எண்ட சேர்க்கையைப் போட்டா மடிச்ச பெட்டியை தானே விரிச்சு தட்டைப் படமாக்கித் தரும், அதை டிஎக்ஸ்எஃப் ஃபைலா எடுத்து வெட்டுற கடைக்கு அனுப்பலாம். மடிப்புக் கோடுகளை வேற லேயரில போட்டு அனுப்புங்கோ, இல்லாட்டி அதையும் சேர்த்து வெட்டி விட்டுடுவினம். படிக்கத் தொடங்க அலுப்பா இருந்தா கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில படிக்கிற பிள்ளையள் ஆரும் உறவில இருந்தா ஒரு பின்னேரம் கூப்பிட்டு இருத்துங்கோ.

லேசர் இல்லாட்டி

கையால செய்யலாம், அளவுக் கணக்குத்தான் மாறும். கிரைண்டரால ஸ்லொட் போட நினைக்காதேங்கோ, டிஸ்க் வட்டமெண்டபடியா மேல் முகத்தில நீளமா ஓடிப்போகும், டிஸ்க் பிடிச்ச சூட்டில நாகமும் போகும். 2.5 மிமீ டிரில்லால ரெண்டு நுனியிலயும் ஓட்டை போட்டு, நடுவை மெல்லிய உளியால மரக்கட்டைக்கு மேல வச்சு வெட்டி, தட்டை அரத்தால இழுத்து விடுங்கோ. ஸ்லொட் 2, 2.5 எண்டு வரும். நேர் நாக்கு அதுக்குள்ள ஆடும், அதால எல்லாத்தையும் முறுக்கு நாக்கா மாத்திடுங்கோ. மடிக்கிறதுக்கு ரெண்டு ஆங்கிள் அயனுக்கு இடையில தகட்டை வச்சு வைஸில இறுக்கி, பலகைத் துண்டொண்டை வச்சு அதுக்கு மேல அடியுங்கோ, நேர இரும்புச் சுத்தியலால அடிச்சா தகடு நீண்டு அலை அலையாப் போகும். இப்பிடி மடிக்கிறதுக்கு கழிவு வேற நம்பர் வரும், 100 மிமீ துண்டுச் சோதனையை திருப்பிச் செய்யுங்கோ.

கரண்ட் வைக்க முதல்

நாக்கு ஸ்லொட்டுக்குள்ள முட்டிக்கொண்டு நிக்குது, அதால பெட்டி முழுக்க எர்த் ஆகியிருக்கும் எண்டு நம்பவே கூடாது. பெயின்ட் கரண்டை மறிக்கும், கறளும் மறிக்கும். 230 வோல்ட் உள்ள போகுதெண்டா சுவர்த்தகட்டில ஒரு எம்6 போல்ட்டை பெயின்ட் சுரண்டிப் பூட்டி எர்த் வயரை அதில இறுக்குங்கோ, அங்கயிருந்து கதவுக்கு தனியா ஒரு வயர், பிணைச்சலை நம்பாதேங்கோ. சோலர் பனலில இருந்து நேர வாற டிசி வோல்ட்டும் சின்னதில்ல, அதுக்கும் இதே கவனம்தான்.

கேபிள் எல்லாம் அடித்தட்டாலதான் உள்ள வர வேணும், 20 மிமீ ஓட்டையும், கேபிளை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டும். அடியில திறந்து நிக்கிற எந்த ஸ்லொட்டும் மழைக்குப் பயமில்ல, ஆனா எறும்பும் குளவியும் அதுக்குள்ளாலதான் குடிவரும், ரெண்டு டேர்மினலுக்கு இடையில பல்லி ஒண்டு படுத்தா கொன்ட்ரோலர் போச்சு. பூட்டி முடிஞ்ச பிறகு உள்பக்கத்தால சிலிக்கோன் ஒரு கோடு இழுத்து விடுங்கோ, காத்துக்கு விடுற ஓட்டைக்கு நுணுக்கமான கம்பிவலை வையுங்கோ. லேசர் வெட்டின ஓரத்தில நாகப் பூச்சு இல்லாதபடியா நாகம் கலந்த பெயின்ட் ஒரு தடவை தொட்டு விட வேணும், முறுக்கின நாக்குக்கும் கட்டாயம். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் பூட்டுறதெண்டா ரெண்டு தடவை.

தட்டையா அனுப்புறவைக்கு ஒரு சொல்லு. ஸ்குரூ, ரிவெட், கிளாண்ட் எல்லாத்தையும் பொலித்தீன் பையில போட்டு கதவின்ர உள்முகத்தில டேப் அடிச்சு ஒட்டி விடுங்கோ, ரெண்டு ஸ்குரூ கூட வையுங்கோ. மடிச்ச நாக்கு இருக்கிற துண்டை நடுவில வச்சு, ரெண்டு பக்கமும் கதவுத் தகடு வாற மாதிரி அடுக்கிக் கட்டினா பஸ்ஸில ஆரும் மேல மூட்டையைப் போட்டாலும் நாக்கு வளையாது.